கைராசிக்காரி

சைமன் ஒரு புதுப் பள்ளிக்கூடப் பையோடு வந்தான். ரோஸ் நிறம். ஓரத்தில் கம்பெனியின் இலைச் சின்னம். ஜீப்பை விட்டு இறங்கியதும் அதை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான். அதற்குள் பிரியா பார்த்துவிட்டாள்.

"எனக்கா மாமா?"

"ஒனக்குத்தான் குட்டி."

வாங்கி மாட்டிக்கொண்டு வாசலில் சுற்றிச் சுற்றி வந்தாள். பை அவள் முழங்கால் மடிப்பில் இடித்தது. சோலைப்பிரியா என்று முழுப் பெயர். ஐந்து வயது. என் மகள்.

நான் சைமனைப் பார்த்தேன். அவன் பையைப் பார்த்தான்.

"இன்னைக்குத்தான்டா கடைசி. சாயங்காலத்துக்குள்ள உன் கையெழுத்து போகலேன்னா ஃபைல மூடிருவாங்க, முத்திர கெடைக்காது."

"தெரியும்."

"டீ குடிக்கலாமா?"

"பால் இல்ல."

"கட்டஞ்சாயா போதும்."

தொடர்ந்து படித்து வருகிறவர்களுக்கு இது எந்தக் கையெழுத்து என்று தெரியும். மற்றவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

கொடைக்கானல் மேல்மலையில் எங்கள் கிளாவரை ஊரில் விளையும் பூண்டை ஹாலந்துக் கம்பெனி ஒன்று வாங்குகிறது. பொடியாக்கி மாத்திரையில் அடைத்துப் பல நாடுகளில் விற்கிறது. மாத்திரைக் குப்பியின் மேல் ஒரு பச்சை முத்திரை இருக்கும். குழந்தைகளை வேலை வாங்காமல் விளைந்தது என்று அதற்குப் பொருள். முத்திரையைக் காப்பாற்ற வருஷத்துக்கு ஒரு முறை தணிக்கைக்கு ஆள் வரும். இந்த முறை நடவு சமயத்தில் வந்தார்கள்.

எங்கள் ஊரில் நடவு தொடங்கும்போது முதல் பூண்டுப் பல்லைக் கைராசியுள்ள ஒருவர்தான் ஊன்ற வேண்டும். என் மனைவி பாண்டிச்செல்வி இருந்தவரை அந்தக் கை அவளுடையது. காய்ச்சலில் அவள் போய்ச் சேர்ந்தாள். அடுத்த நடவுக்கு ஊரார் என் வாசலில் வந்து நின்றார்கள். வேறு பெண்ணை அவர்கள் தேடவில்லை. மகளை அனுப்பு என்றார்கள். அனுப்பினேன். ஒவ்வொருவர் காட்டுக்கும், அதாவது நிலத்துக்கும், ஒரு பல். ஊன்றியதும் அவளைத் தூக்கி வந்து வரப்பில் உட்காரவைத்து, வெல்லக்கட்டியும் ஒரு ரூபாய்க் காசும் கையில் வைப்பார்கள். அவ்வளவுதான் அவள் வேலை.

தணிக்கைக்கு வந்த பெண், மண்வெட்டிகளுக்கு நடுவே குனிந்திருந்த பிரியாவைப் படம் எடுத்தாள். இது யார் என்று கேட்டாள். என் மாமனார் பழனிமுத்து விவசாயிகள் சங்கத் தலைவர். அவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னார்:

"எம் பேத்திம்மா. இவ கை படாத காடு இந்த ஊர்லயே கெடையாது."

எல்லாக் காட்டிலும் வேலை என்று எழுதிக்கொண்டாள். கூலி தருவதுண்டா என்றாள்.

"வெல்லமும் காசும் குடுக்காம விட்ருவமா?" என்றார் மாமா.

அதையும் எழுதிக்கொண்டாள். முத்திரை நிறுத்தி வைக்கப்பட்டது. எங்கள் சங்கத்தில் ஒருவருடைய பூண்டும் போகாது.

இதற்குக் கம்பெனியே ஒரு வழியும் சொன்னது. கொடைக்கானலில் அவர்கள் செலவில் நடக்கும் விடுதி ஒன்று இருக்கிறது. பிரியாவை அங்கே சேர்க்க வேண்டும். படிப்பு, சாப்பாடு, துணிமணி எல்லாம் அவர்கள் பொறுப்பு. தகப்பன் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டால் மீட்கப்பட்ட குழந்தை என்று கணக்காகும். முத்திரை திரும்பி வரும்.

சைமன் கம்பெனியின் கள அலுவலர். பழனியில் என்னோடு கல்லூரியில் படித்தவன். எங்கள் ஊருக்குக் கம்பெனியைக் கூட்டி வந்தவனும் அவன்தான்.

டீயை ஊதி ஊதிக் குடித்தான். "என்னடா செய்யப் போற?" என்று கேட்கவில்லை. அவனுக்கும் அது சௌகரியம், எனக்கும்.

*

சங்கத்துப் பூண்டுக் கொட்டகையில் எல்லோரும் கூடியிருந்தார்கள். நாங்கள் உள்ளே போனதும் பேச்சு நின்றது. பிரியா மட்டும் பையைக் காட்ட ஒவ்வொருவரிடமாகப் போனாள்.

சோலையம்மாள் அக்கா அவளை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். அக்காவின் காடு எங்கள் காட்டுக்கு அடுத்தது.

"சைமன் தம்பி, இங்க பாரு. புள்ள கையில வெல்லத்தக் குடுத்தது நானு. என்னியக் கொண்டுபோகச் சொல்லு."

"அக்கா, யாரையும் பிடிச்சிட்டுப் போக மாட்டாங்க. பனிஷ்மென்ட்டே கெடையாது. எல்லாம் ஹெல்ப்தான்."

"ஹெல்ப்புன்னா எதுக்குய்யா சாயங்காலத்துக்குள்ளன்னு கெடு?"

சிலர் சிரித்தார்கள். மாமா சிரிக்கவில்லை. மூலையில் சாக்கின் மேல் உட்கார்ந்து துண்டை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தார். தணிக்கை நடந்த நாளிலிருந்து அவர் வீட்டில் சரியாகச் சாப்பிடுவதில்லை என்று கேள்வி.

"பேசுனது நானு. எங் கையெழுத்த வாங்கிக்கிட்டு விட்ருங்க" என்றார்.

"அப்பா கையெழுத்துதான் செல்லுமாம் ஐயா."

"அப்ப நான் வாயத் தொறந்தது மட்டும் எப்பிடிச் செல்லுச்சு?"



என் மைத்துனன் அஜித்குமார் எழுந்தான். பாண்டிச்செல்வியின் தம்பி. பிக்கப் வண்டி ஓட்டுகிறான்.

"மச்சான், தப்பா நெனைக்காதீக. புள்ளைக்கு இங்கிலீஷ் படிப்பு ஓசியில கெடைக்கி. எனக்கெல்லாம் அப்பிடி அமைஞ்சிருந்தா இந்நேரம் கலெக்டரு."

"ஏலே, பத்தாப்ப மூணு தடவ எழுதுனவன் நீ" என்றார் நல்லுசாமி. "கலெக்டருக்கு வண்டி ஓட்டியிருப்ப."

"அதுவும் கவருமென்டு வேலதான பெரியப்பா."

நல்லுசாமி என் பக்கம் திரும்பினார். ஊரில் மூத்த விவசாயி. "அழகுமல, புள்ளைய அனுப்பாத. கம்பெனி இல்லாட்டிப் போகுது. மண்டியில போடுவோம். கம்பெனி வாறதுக்கு முன்னாடி நம்ம சோறு திங்கலயா?"

எனக்கு முதல் தடவையாக மூச்சு ஒழுங்காக வந்தது.

அஜித் தரையில் கிடந்த ஒரு பூண்டை எடுத்தான். உடைத்தான். பெரிய பெரிய பல். வெளுப்பு.

"எந்த மண்டி பெரியப்பா? வடுகபட்டியா, ஒட்டன்சத்திரமா? போன மாசம் நான் ஒரு மூட்ட கொண்டுபோயிக் காமிச்சேன். மோந்து பாத்துட்டு, இது மலப்பூண்டே இல்ல, சீமப்பூண்டு, வேணாங்கான். கம்பெனி வெதையத்தான எல்லாரும் போட்டோம்? இப்ப மண்ணுக்குள்ள கெடக்கிறதும் அதுதான? நம்ம வெதப்பூண்டு ஆரு வீட்டுலயாவது ஒரு கொத்து இருக்கா?"

ஒரு வீட்டிலும் இல்லை. வெளியே பனி இறங்கி வாசல் வெளுத்திருந்தது.

பிரியாவை அனுப்பு என்று யாரும் சொல்லவில்லை. அனுப்பாதே என்று நல்லுசாமியும் மறுபடி சொல்லவில்லை. அந்தப் பூண்டை நம்பி அவர் வீட்டில் மூன்று பேத்திகள்.

"போயி எடத்தப் பாத்துட்டு வாரேன்" என்றேன்.

சோலையம்மாள் அக்கா பிரியாவின் தலையைத் தடவிக்கொண்டே இருந்தார். மாமா எழுந்து கொட்டகைக்குப் பின்னால் போனார். நான் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தால் என்ன பேசியிருப்போம் என்று தெரியவில்லை.

*

கொடைக்கானலுக்கு மன்னவனூர், பூம்பாறை வழி. பிரியா எங்கள் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து வந்தாள். சாலை ஓரத்தில் காட்டுமாடு ஒன்று நின்றது. அதற்கு வீடு எங்கே, அதன் அப்பா எங்கே என்றெல்லாம் சைமனைக் கேட்டாள். அவன் பொறுமையாகப் பொய் சொன்னான்.

விடுதியில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

சுத்தமான தரை. கட்டிலுக்கு இரண்டு கம்பளி. சமையல்கட்டில் சாம்பார் கொதித்தது. குளியலறைக் குழாயில் வெந்நீர் வந்தது. பிரியா அதில் கையை நீட்டிவிட்டுச் சிரித்தாள். மூடினாள். திறந்தாள். மறுபடி சிரித்தாள். எங்கள் வீட்டில் வெந்நீர் என்றால் விறகு, புகை, காத்திருப்பு.

பொறுப்பாளர் பெயர் பிரின்ஸி. முப்பது வயது இருக்கும். ஸ்வெட்டரின் கைகளை முழங்கை வரை மடித்து விட்டிருந்தாள்.

"நார்மலா அஞ்சு வயசுல எடுக்க மாட்டோம் சார். ஆறு முடிஞ்சிருக்கணும். இவங்களுக்கு மட்டும் ஹெட் ஆபீஸ்ல ஸ்பெஷலா சொல்லிருக்காங்க."

"எப்ப வந்து பாக்கலாம்?"

"மாசத்துல ரெண்டாவது ஞாயிறு. லீவுக்கு வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகலாம்." கொஞ்சம் தயங்கினாள். "நடவு, அறுவடை டைம்ல மட்டும் அனுப்பக் கூடாதாம். லீவா இருந்தாலும்."

"எங்க ஊர்ல எப்பவும் ஏதாவது நடவோ அறுவடையோ இருக்கும்."

"எனக்குத் தெரியும் சார். எங்க அப்பாவுக்குப் பள்ளங்கில கேரட்டுத் தோட்டம்."

அலுவலக அறையில் கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பி வைத்தார்கள். ராட்டர்டாமில் இருக்கும் கம்பெனி அலுவலகத்திலிருந்து ஓர் அம்மாள் பேசினார். நரைத்த முடி. இரவில் தூங்காதவர் முகம். முதலில் என் மனைவிக்காக வருத்தம் தெரிவித்தார். உண்மையாகத்தான் சொன்னார். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. நன்றி என்றேன்.

நான் சொல்ல வேண்டியதை வழியெல்லாம் ஆங்கிலத்தில் அடுக்கி வைத்திருந்தேன். சொன்னேன். காட்டுக்கு ஒரு பல். அது ஒரு வழக்கம். வேலை அல்ல. கூலி அல்ல. அன்று பஸ் வராததால் டீச்சர் வரவில்லை, பள்ளிக்கூடம் இல்லை.

அவர் தலையாட்டிக் கேட்டார். குறுக்கே பேசவில்லை.

"நான் உங்களை நம்புகிறேன்" என்றார். "நீங்கள் வேலைக்குப் போகும்போது குழந்தையை யார் பார்த்துக்கொள்கிறார்கள்?"

"எல்லோரும்."

"ஒரு பெயர் சொல்லுங்கள்."

"ஒரு நாள் சோலையம்மாள். ஒரு நாள் மாமனார். எந்த வீட்டில் அடுப்பு எரிகிறதோ அந்த வீட்டில் சாப்பிடுவாள்."

அவர் படிவத்தில் எதையோ தேடினார். "எல்லோரும் என்று இதில் போட இடமில்லை. ஒருவர்தான் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கவனிப்பாரற்ற குழந்தை என்று வரும்."

"இனிமேல் காட்டுக்கே அனுப்ப மாட்டேன்."

"எல்லாத் தகப்பன்மாரும் அதைத்தான் சொல்கிறார்கள். பெரும்பாலும் அது உண்மைதான். ஆனால் அதை நான் எப்படிச் சரிபார்ப்பேன்? அந்தப் படம் எங்கள் கணினியில் ஏறிவிட்டது. அதை எடுக்க எனக்கே அதிகாரம் கிடையாது. ஒரு பதில் நடவடிக்கையைக் காட்டினால்தான் அது மூடும்." கொஞ்சம் நிறுத்தினார். "எனக்கும் ஒரு மகள் இருக்கிறாள்."

ஜன்னலுக்கு வெளியே பிரியா ஊஞ்சலில் இருந்தாள். அவளைவிடப் பெரிய பெண் ஒருத்தி தள்ளிவிட்டுக்கொண்டிருந்தாள். பை இன்னும் முதுகில் இருந்தது.

அந்த அம்மாளோடு சண்டை போட முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். சண்டைக்கு அவர் இடம் கொடுக்கவில்லை.

மண்ணுக்குள் கிடக்கும் வெளுத்த பூண்டை நினைத்தேன். நல்லுசாமியின் பேத்திகளை நினைத்தேன். மாமா மடித்துப் பிரித்த துண்டை நினைத்தேன்.

பிரின்ஸி நீட்டிய கண்ணாடித் திரையில் விரலால் கையெழுத்துப் போட்டேன். என் கையெழுத்து மாதிரியே இல்லை. அது ஏற்றுக்கொண்டது.

"தேங்க்யூ" என்றார் அந்த அம்மாள். கண் கலங்கியிருந்தார். எனக்கு அதுவும் வரவில்லை.

ஊஞ்சலருகே போய் உட்கார்ந்தேன்.

"பிரியா, நீ இங்க இருந்து படிக்கணும்."

"நீயும் இருப்பியா?"

"நான் ஊருக்குப் போயிட்டு வாரேன்."

யோசித்தாள். "சாந்தரம் வந்துருவியா?"

"வருவேன். எப்ப வருவேன்னு இந்த மிஸ்கிட்டச் சொல்லிருக்கேன்."

"வெரசா வா" என்றாள். பிறகு அந்தப் பெரிய பெண்ணிடம், "தள்ளுக்கா" என்றாள்.

அவள் அழுதிருந்தால் தூக்கிக்கொண்டு போயிருப்பேனா? தெரியவில்லை. அழவில்லை.

*

திரும்பும்போது சைமன்தான் பேசினான். பிரின்ஸி நல்லவள் என்றான். வாரம் ஒரு தடவை தானே போய்ப் பார்ப்பதாகச் சொன்னான். அங்கே படித்த ஒரு பையன் இப்போது கோயமுத்தூரில் இன்ஜினீயரிங் படிக்கிறானாம். நான் மரங்களைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

பூம்பாறை வளைவில் அவன் போன் வரிசையாக ஒலித்தது. ஓரம் கட்டினான். முத்திரை திரும்பிவிட்ட செய்திதான் என்று சிரித்துக்கொண்டே திறந்தான்.

"வந்திருச்சுடா. க்ளியர். கேஸ் க்ளோஸ்டு."

அடுத்ததைப் படித்தான். மறுபடி முதலிலிருந்து படித்தான். இன்ஜினை அணைத்தான்.

"என்ன?"

போனை என்னிடம் கொடுத்தான்.

ஆங்கிலம் எளிமையாகவே இருந்தது. இந்தப் பருவத்திலிருந்து பூண்டுக் கொள்முதல் எகிப்துக்கு மாற்றப்படுகிறது. விலை அங்கே சாதகம். பழனி மலைத்தொடரிலிருந்து இனி வாங்குவதில்லை. ஒத்துழைத்த விவசாயிகளுக்கு நன்றி. கடைசி வரி: அப்பகுதியில் நமது சமூகப் பணிகள் வழக்கம்போல் தொடரும்.

"அந்த அம்மாவுக்கு இது தெரியுமா?" என்றேன்.

"தெரிஞ்சிருக்காது. அவங்க முத்திர பாக்குற சஸ்டெய்னபிலிட்டி செக்ஷன். இது பர்ச்சேஸ்." ஸ்டீயரிங்கைத் தட்டினான். "ஒரே பில்டிங்தான்டா. வேற வேற மாடி."

ஒரு டூரிஸ்ட் வேன் பாட்டுச் சத்தத்தோடு எங்களைக் கடந்து போனது.

"திருப்பு" என்றேன்.

"அழகு..."

"வண்டியத் திருப்புடா."

திருப்பினான். வழியில் அவன் ராட்டர்டாமுக்கு இரண்டு முறை அடித்தான். யாரும் எடுக்கவில்லை. மூன்றாவது முறை ஒரு குரல், வெள்ளிக்கிழமை மதியத்தோடு அலுவலகம் முடிந்துவிட்டது, திங்கள் பேசவும் என்றது. பதிவு செய்யப்பட்ட குரல்.

விடுதியின் கேட்டைப் பூட்டியிருந்தார்கள். பிரின்ஸி சாவியோடு வந்தாள். நான் விஷயத்தைச் சொன்னேன். சைமன் போனைக் காட்டினான். அவள் முழுவதையும் படித்தாள். சாவியைக் கையில் இறுக்கிக்கொண்டாள். பூட்டில் போடவில்லை.

"சார், நீங்க சைன் பண்ண உடனே இங்க அட்மிஷன் ஆயிருச்சு. வெளிய அனுப்பணும்னா எங்க கமிட்டி கூடணும்."

"நான் அவ அப்பா."

"தெரியும் சார்."

"பூண்டே வாங்க மாட்டாங்க. பெறகு எதுக்கு எம் புள்ள இங்க இருக்கணும்?"

"கமிட்டில அதக் கேக்க மாட்டாங்க சார். வீட்ல யாரு பாத்துக்குவாங்கன்னுதான் கேப்பாங்க." குரலைத் தாழ்த்தினாள். "நான் இப்ப கேட்டத் தொறந்தா நாளைக்கு எனக்கு வேல இருக்காது. அதுகூடப் பரவாயில்ல. நாளைக்கே ஊருக்கு வந்து உங்க கையிலருந்து திரும்ப வாங்கிருவாங்க. அப்ப அவ அழுவா."

"கமிட்டி எப்பக் கூடும்?"

"சேர்மன் ஊர்ல இல்ல சார்."

கேட்டின் கம்பிகளுக்கு அப்பால் சாப்பாட்டுக்கூடம் தெரிந்தது. விளக்கு எரிந்தது. பிரியா வரிசையில் மூன்றாவதாகத் தரையில் உட்கார்ந்திருந்தாள். சப்பாத்தியைச் சுருட்டிக் கடித்துக்கொண்டு, பக்கத்துப் பிள்ளையிடம் ஏதோ கதை சொன்னாள். கையை விரித்து விரித்துச் சொன்னாள். வெளிச்சத்தில் இருந்தவளுக்கு இருட்டில் நின்ற என்னைத் தெரியவில்லை. கூப்பிட்டால் திரும்புவாள். வாயைத் திறந்தேன். ஓடி வருவாள், கேட் பூட்டியிருக்கும். மூடிக்கொண்டேன்.

போன் அடித்தது. மாமா.

"மாப்ள!" பின்னால் ஒரே சத்தம். "மாப்ள, முத்திர வந்துருச்சாம்ல? அஜித்து போன்ல பாத்தானாம். ஊரே ஒங்க வீட்டு வாசல்லதான் நிக்கிது. நல்லுசாமிண்ணன் வேட்டுப் போடணுங்காரு. இந்த சோலையம்மா அழுதுக்கிட்டே எல்லாருக்கும் காப்பி போடுறா."

"ம்."

"புள்ள அழுதாளா?"

"இல்ல மாமா."

"எடம் எப்பிடி?"

"நல்லாருக்கு."

"நான் வாயக் குடுத்துக் கெடுத்தத நீங்க சரி பண்ணிட்டீக மாப்ள. இன்னைக்குத்தான் ரெண்டு வாயி சோறு எறங்குச்சு." மூக்கைச் சிந்தினார். "சரி, கம்பெனி எப்ப வண்டி அனுப்புதாம்? எல்லாரும் கேட்டுக்கிட்டே இருக்காக. போன ஸ்பீக்கர்ல போட்ருக்கேன். சத்தமாச் சொல்லுங்க."

சைமன் ஜீப்பின் மேல் சாய்ந்து இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டிருந்தான். பிரின்ஸி சாவியோடு அங்கேயே நின்றாள்.

அந்தப் பக்கம் ஒருவரை ஒருவர் அதட்டிச் சத்தத்தை அடக்கினார்கள். ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பது எனக்குக் கேட்டது.

"மாப்ள, கேக்குதா? சிக்னல் இல்லையா?"

கொடைக்கானலில் சிக்னல் நன்றாக இருந்தது.

"கேக்குது மாமா" என்றேன்.